கோழிக்குப் போடும் ஊசியும் தண்ணீரில் கரைக்கும் மருந்தும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, புரொய்லர் கோழியை வீட்டில் அடியோடு நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். "புரொய்லரை ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்களாம். தடுப்பூசி, ஹோமோன், அன்டிபயோட்டிக் எல்லாம் இறைச்சியில் தங்கி நம் உடம்புக்குள் வந்துவிடுமாம். பிள்ளைகள் நேரத்தோடு பெரியபிள்ளை ஆவதற்கும் இதுதான் காரணமாம். ஊர்க்கோழி மட்டும் வாங்கினால் போதுமா?" என்பது அவருடைய கேள்வி.

கால்நடை வைத்தியனாகக் கம்பஹா, குருநாகல், புத்தளம் பக்கத்துப் பண்ணைகளில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். சுருக்கமான விடை வேண்டுமானால் இதுதான்: தடுப்பூசிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஹோமோன் என்பது வெறும் கதை. நுண்ணுயிர்க்கொல்லி, அதாவது அன்டிபயோட்டிக், உண்மையாகவே கவலைப்பட வேண்டிய விடயம். ஆனால் நீங்கள் கவலைப்படும் இடம் வேறு, ஆபத்து இருக்கும் இடம் வேறு. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மருந்து அடித்த கோழி" என்று சொல்லிவிடுவதால், நல்லதைச் சந்தேகித்துக் கெட்டதைக் கவனிக்காமல் விடுகிறோம்.

முதலில் ஹோமோனை முடித்துவிடுவோம். 35 முதல் 42 நாட்களில் ஒரு குஞ்சு இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது என்றால் சந்தேகம் வருவது இயல்புதான். கனடாவில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 1957ஆம் ஆண்டின் கோழி வர்க்கம் ஒன்று, 1978ஆம் ஆண்டினது ஒன்று, 2005இன் வணிகப் புரொய்லர் ஒன்று, மூன்றையும் ஒரே தீனைக் கொடுத்து ஒரே விதமாக வளர்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீனும் பராமரிப்பும் ஒன்றாக இருக்க, எடை மட்டும் நான்கு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்பவற்றையே தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதன் விளைவு அது. வளர்ச்சி ஹோமோன் ஒரு புரதம். தீனில் கலந்தால் வயிற்றில் செரித்துப் போய்விடும். வேலை செய்ய வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். கோழி ஒன்றில் கிடைக்கும் இலாபத்தை விட அந்தக் கூலி அதிகம். இந்தக் கதைக்கு ஒரு பழைய வேர் உண்டு: அமெரிக்காவில் ஒரு காலத்தில் செயற்கை ஈஸ்ட்ரஜன் குளிசையைச் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். 1959இல் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேச்சு நிற்கவில்லை.

இனித் தடுப்பூசி. ஊசி என்று சொன்னாலும், இறைச்சிக்கோழிக்கு ஊசியால் கொடுப்பது மிகக் குறைவு. குஞ்சு பொரிப்பகத்தில், பொரித்த அன்றோ, முட்டைக்குள் பதினெட்டாம் நாள் இருக்கும்போதோ, கோழியை முடக்கும் மாரெக் என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து ஏற்றப்படும். அந்த மருந்து திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையில் உறைந்து வரும். மற்றவை பெரும்பாலும் மெல்லிய தூறலாகத் தெளிக்கப்படும், கண்ணில் சொட்டாக விடப்படும், அல்லது குடிநீரில் கலக்கப்படும். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட், குஞ்சின் எதிர்ப்புச் சக்தியைத் தாக்கும் கம்பொரோ, தொற்று மூச்சுக்குழாய் அழற்சி ஆகிய மூன்றும்தான் நம் நாட்டுப் புரொய்லர் பண்ணையின் பிரதான வைரஸ் கவலைகள்.

கம்பொரோவுக்கான தடுப்பு மருந்து கொடுக்கும் காலை வேளையை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள், அது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ஒத்துக்கொள்வார்கள். வெயில் ஏறுமுன் தொடங்க வேண்டும். முதலில் தண்ணீர்க் குழாயை அடைத்துக் குஞ்சுகளை ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலம் தாகத்தில் வைப்பார்கள். குழாய்நீரில் குளோரின் துளி இருந்தாலும் உயிருள்ள மருந்து செத்துவிடும். அதனால் கொழுப்பு நீக்கிய பால்மாவை லீற்றருக்கு இரண்டு இரண்டரை கிராம் கணக்கில் முதலில் கரைப்பார்கள். மருந்துக் குப்பியின் மூடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியே திறப்பார்கள். சிலர் நீலச் சாயம் ஒன்றையும் சேர்ப்பார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் அத்தனையும் குடித்து முடிந்தாக வேண்டும். பிறகு கொட்டகைக்குள் இறங்கி, அங்கொன்று இங்கொன்றாகக் குஞ்சுகளைப் பிடித்து வாயைத் திறந்து பார்ப்போம். நாக்கில் நீலம் இருந்தால் குடித்திருக்கிறது. மூலையில் ஒதுங்கி நிற்கும் சிறிய குஞ்சுகளின் நாக்குத்தான் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும். கம்பொரோ நுழையும் ஓட்டை அதுதான்.

நாளைக் கணிப்பதும் சுலபமில்லை. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியே வந்த எதிர்ப்புச் சக்தி குஞ்சின் இரத்தத்தில் இருக்கும்வரை, கொடுக்கும் மருந்தை அதுவே அழித்துவிடும். முந்திக் கொடுத்தால் வீண். பிந்திக் கொடுத்தால் நோய் முந்திக்கொள்ளும். பன்னிரண்டாம் நாளா, பதினாறாம் நாளா என்று தீர்மானிப்பதற்காகவே இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் பண்ணைகள் உண்டு.

இந்த மருந்து இறைச்சியில் தங்குமா? உயிருள்ள தடுப்பு மருந்து என்பது பலம் குறைக்கப்பட்ட வைரஸ். கோழியின் உடல் அதை அடையாளம் கண்டு, எதிர்க்கக் கற்றுக்கொண்டு, சில நாட்களில் அகற்றிவிடுகிறது. மாரெக் மருந்தின் வைரஸ் மட்டும் கோழிக்குள் நீண்ட காலம் தங்கும். ஆனால் கம்பொரோவும் மாரெக்கும் மனிதனைத் தொற்றுவதில்லை. ராணிக்கெட் மருந்து மட்டும், அதைத் தெளிக்கும் தொழிலாளியின் கண்ணில் பட்டால் இரண்டு மூன்று நாள் கண் சிவந்து நீர் வடியும். பண்ணைகளில் அதைக் கண்டிருக்கிறேன், தானாகவே மாறிவிடும். கண்ணாடி போடாமல் தெளிக்க விடுவது முதலாளியின் தவறு. அடுப்பில் வெந்து உங்கள் கோப்பைக்கு வரும் இறைச்சியில் இவை எதற்கும் உயிர் இல்லை. எண்ணெய் கலந்த, ஊசியால் போடும் வகை மருந்துகள் பெரும்பாலும் முட்டைக்கோழிகளுக்கும் தாய்க்கோழிகளுக்கும் உரியவை. அவற்றுக்கும் இறைச்சிக்கு முன் காத்திருக்க வேண்டிய காலம் விதிக்கப்பட்டிருக்கிறது.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். 1987இல் இந்திய அமைதிப்படை வடக்குக் கிழக்குக்கு வந்தபோது படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக்கொள்ளை நோயும் வந்து இறங்கியது. போர் நடந்த பிரதேசம், போக்குவரத்து இல்லை, வைத்தியர்கள் போக முடியாத ஊர்கள் பல. நம் மாடுகளிடையே அந்த நோய் 1994 வரை இருந்தது. அதற்கு மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. 2011இல் உலகம் முழுவதிலும் அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் பூமியிலிருந்து அகற்றிய நோய் அது ஒன்றுதான். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மந்தையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குத் தடுப்பூசியின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன்.

1940களின் இறுதியில் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ், ரொபர்ட் ஸ்டொக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுக்கு விற்றமின் பி12 கொடுக்க மலிவான வழி தேடிக்கொண்டிருந்தார்கள். குளோர்டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைத் தீனில் கலந்து பார்த்தபோது குஞ்சுகள் எதிர்பார்த்ததை விட வேகமாக வளர்ந்தன. விற்றமின் அந்த அளவுக்கு வளர்க்காது. சக்கையில் எஞ்சியிருந்த மருந்துத் துளிதான் காரணம். குடலில் உள்ள சில பக்டீரியாக்களை அது அடக்கி வைக்கிறது, குடலின் அழற்சி குறைகிறது, தின்ற தீன் உடம்பில் பிடிக்கிறது. 1951இல் வைத்தியரின் துண்டு இல்லாமலே தீனில் கலக்க அந்த நாட்டில் அனுமதி கிடைத்தது. நோயில்லாத விலங்குக்கு, நோய்க்குக் கொடுக்கும் அளவை விட மிகக் குறைந்த அளவில், வாழ்நாள் முழுவதும் மருந்து கொடுக்கும் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1945இல் நோபல் உரையில், குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று அலெக்சாண்டர் பிளெமிங் எச்சரித்திருந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொட்டகை எவ்வளவு அசுத்தமோ அவ்வளவுக்கு இந்த வளர்ச்சிப் பயன் அதிகமாகத் தெரியும். சுத்தமான, காற்றோட்டமான கொட்டகையில் அது கிட்டத்தட்ட மறைந்துவிடும். பல இடங்களில் தீனில் கலந்த மருந்து, சுத்தம் செய்யாமல் விட்டதற்கு ஈடாகத்தான் பயன்பட்டிருக்கிறது.

வளர்ச்சிக்காகக் கொடுப்பதை உலகில் பலர் நிறுத்திவிட்டார்கள். சுவீடன் 1986இல், அதுவும் விவசாயிகளே கேட்டதன் பேரில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி முதல் தடை. அமெரிக்காவில் மனிதருக்கு முக்கியமான மருந்துகளை இப்படிப் பாவிப்பது 2017இல் முடிவுக்கு வந்தது. ஆனால் தீனை விட்டு வெளியேறிய மருந்து பல நாடுகளில் தண்ணீர்த் தொட்டி வழியே திரும்பி வந்தது. இந்த முறை பெயர் "தடுப்புக்காக".

பண்ணையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இருபத்திரண்டாம், இருபத்து மூன்றாம் நாள் இரவு. அனுபவமுள்ள பண்ணைக்காரர் காற்றாடிகளை நிறுத்தி, விளக்கை அணைத்து, கொட்டகை வாசலில் நின்று காது கொடுப்பார். ஆரோக்கியமான மந்தை அமைதியாக இருக்கும். நோய் நுழைந்திருந்தால் இருட்டுக்குள் சிறு சிறு தும்மலும், தொண்டையில் சளி கரகரக்கும் ஒலியும் கேட்கும். அடுத்த நாள் காலை பத்துப் பன்னிரண்டு கோழி செத்துக் கிடக்கும். ஒன்றை அறுத்துப் பார்த்தால், கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டிய காற்றுப்பைகள் மங்கலாகி இருக்கும். ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். அது ஈ கோலை பக்டீரியாவின் வேலை. உடனே என்ரோபுளொக்சசின், டொக்சிசைக்ளின், கொலிஸ்டின் என்று ஏதோ ஒரு நுண்ணுயிர்க்கொல்லி தண்ணீரில் கரைக்கப்படும்.

ஆனால் ஈ கோலை அங்கே கடைசியாக வந்தது. அது கோழியின் குடலிலும் உமி விரிப்பிலும் எப்போதும் இருப்பது. அதற்கு மூச்சுக்குழாயின் கதவைத் திறந்துவிட்டது ஒரு வைரஸ். தொற்று மூச்சுக்குழாய் அழற்சியோ, மிதமான ராணிக்கெட்டோ, அல்லது அதற்கு முன்னரே கம்பொரோ வந்து எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டுப் போனதோ முதல் காரணமாக இருக்கும். அதோடு உமியிலிருந்து எழும் அமோனியா மூச்சுக்குழாயின் உட்தோலை அரித்திருக்கும். வைரசை எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் தொடாது. நீலம் படாத நாக்கோடு மூலையில் நின்ற அந்தக் குஞ்சுகளின் விலையைத்தான் மூன்றாம் நான்காம் வாரத்தில் மருந்துக் கடையில் கட்டுகிறோம். ஒழுங்காகக் கொடுத்த தடுப்பு மருந்து நுண்ணுயிர்க்கொல்லியின் தேவையையே குறைக்கிறது என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஐயாயிரம் கோழியில் நோயுற்றது ஐந்நூறு என்றாலும் ஐயாயிரமும் குடிக்கும். நோயுற்ற கோழி தண்ணீர் குடிப்பது குறைவு, நன்றாக இருப்பது நிறையக் குடிக்கும். தேவையுள்ளதுக்குப் போதாத அளவு, தேவையில்லாததுக்கு முழு அளவு. தாக்குப்பிடிக்கும் கிருமிகளைத் தெரிந்தெடுக்க இதை விட நல்ல ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது.

இனி உங்கள் கோப்பைக்கு வருவோம். இறைச்சியில் மருந்து எஞ்சியிருப்பது ஒரு பிரச்சினை, ஆனால் கட்டுப்படுத்தக்கூடியது. ஒவ்வொரு மருந்துக்கும் கடைசி வேளை கொடுத்தபின் இத்தனை நாள் கழித்தே அறுக்கலாம் என்ற காத்திருப்புக் காலம் இருக்கிறது. அதைக் கடைப்பிடித்தால் எஞ்சுவது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. கடைப்பிடிக்காத பண்ணைகளும் இருக்கின்றன, விலை ஏறும் வாரத்தில் அவசரமாகப் பிடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சமைப்பதால் எல்லா எச்சமும் அழிந்துவிடும் என்று நம்பவும் கூடாது. பாலில் இதை வீட்டிலேயே காணலாம். மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலை நாள் தவறிக் கறந்து விற்றால், அந்தப் பாலில் உறை ஊற்றினாலும் தயிர் உறையாது. உறையில் உள்ள பக்டீரியாவையே மருந்து கொன்றுவிடும். யாழ்ப்பாணத்துப் பால் சேகரிப்பு நிலையங்களில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

என்னைத் தூங்கவிடாதது எச்சத்தை விட, மருந்துக்கு அடங்காத கிருமி. அது சமையலறைக்குப் பச்சை இறைச்சியோடு வரலாம். பண்ணைத் தொழிலாளியின் கையோடு அவருடைய வீட்டுக்குப் போகலாம். கோழி எருவோடும் போகலாம். கொடுத்த மருந்தின் கணிசமான பங்கு உருமாறாமலே கோழியின் கழிவோடு வெளியேறுகிறது. அந்த எரு நுவரெலியா, கற்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு லொறி லொறியாகப் போகிறது. அங்கிருந்து லீக்ஸும் கரட்டும் பேலியகொடைச் சந்தை வழியாகக் கொழும்புக்கு வருகின்றன. கோழியே தொடாத சைவ வீட்டுக்காரரும் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை.

கொலிஸ்டினின் கதையைக் கேளுங்கள். 1950களின் மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று வைத்தியசாலைகள் அதை ஒதுக்கி வைத்தன. மலிவாக இருந்ததால் பன்றிக்கும் கோழிக்கும் தாராளமாகப் போனது. பிறகு மற்ற மருந்துகள் தோற்கத் தொடங்கியதும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேறு வழியற்ற நோயாளிகளுக்காக டொக்டர்கள் அதைத் திரும்ப எடுத்தார்கள். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது: கொலிஸ்டினுக்கு அடங்காத தன்மையைத் தரும் எம்சிஆர்-1 என்ற மரபணு பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், மனித நோயாளிகளிலும் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அந்த மரபணு ஒரு பக்டீரியாவிலிருந்து வேறு இனப் பக்டீரியாவுக்கே தாவக்கூடிய சிறு டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. அதாவது பன்றிக் குடலில் பிறந்த பலம் மனிதனின் நிமோனியாக் கிருமிக்குக் கைமாறலாம். சீனா 2017இல் அதை வளர்ச்சிக்காகத் தீனில் கலப்பதைத் தடை செய்தது. இந்தியா 2019இல் உணவு விலங்குகளுக்குக் கொடுப்பதையே தடுத்தது.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றால் நேரடியாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனைக்கும் பண்ணைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பகுதி மனித வைத்தியத்தில் நாம் செய்யும் வீண்பாவனையின் விளைவு. ஆனால் உலகில் விற்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் ஏறத்தாழ 70 சதவீதம் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் போகிறது என்பது மதிப்பீடு. அவ்வளவு பெரிய பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு விட முடியாது. நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், பண்ணையிலிருந்து அடங்காத கிருமியோடு வந்திருக்கிறாரா என்று சோதித்து முடியும்வரை தனி அறையில் வைக்கும் நடைமுறை 2000களின் நடுப்பகுதியில் வந்தது. அதே நாடு 2009க்குப் பின் ஒரு சில ஆண்டுகளிலேயே பண்ணை நுண்ணுயிர்க்கொல்லி விற்பனையைப் பாதியாகக் குறைத்தும் காட்டியது.

குறைக்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று நோர்வேயின் சமன் மீன் வளர்ப்பு. 1987இல் அங்கே மீன்களுக்குச் சுமார் 48 தொன் நுண்ணுயிர்க்கொல்லி கொட்டினார்கள். பின்னர் பக்டீரியா நோய்களுக்குத் தடுப்பூசி வந்தது. ஒவ்வொரு மீன் குஞ்சையும் மயக்கி, வயிற்றில் ஊசி போட்டுக் கடலுக்கு அனுப்பினார்கள். 1990களின் நடுப்பகுதிக்குள் பாவனை ஒன்றிரண்டு தொன்னுக்கு இறங்கிவிட்டது. 1987இல் ஏறத்தாழ 50 ஆயிரம் தொன்னாக இருந்த உற்பத்தி இன்று பத்து இலட்சம் தொன்னைத் தாண்டிவிட்டது. தடுப்பூசி மட்டும் இதைச் செய்யவில்லை. ஒரு கூண்டிலுள்ள மீன் முழுவதையும் எடுத்தபின் அந்த இடத்தைச் சில காலம் வெறுமையாக விடுவதும் சேர்ந்துதான் செய்தது. ஆனால் ஊசி இல்லாமல் இது நடந்திராது.

தடுப்பூசியை நான் குருட்டுத்தனமாகப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். "நெருக்கி அடைத்து வளர்ப்பதற்குத் துணை போவதே தடுப்பூசிதானே" என்று விலங்கு நலம் பேசுவோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாரெக் நோயின் வரலாறு அதைச் சொல்கிறது. 1907இல் புடாபெஸ்டில் யோசப் மாரெக் அதை விவரித்தபோது, அது சில வயது முதிர்ந்த சேவல்களின் காலை முடக்கும் நோய். 1970 அளவில் வந்த தடுப்பூசி கோழியைச் சாகாமல் காக்கிறது, ஆனால் வைரசைத் தொற்றவிடாமலும் பரப்பவிடாமலும் தடுப்பதில்லை. 2015இல் வெளியான ஆய்வில், மிகக் கொடிய வகை வைரஸ் தொற்றியபோது ஊசி போடாத கோழிகள் பரப்ப நேரமில்லாமலே விரைவில் இறந்தன, ஊசி போட்டவை உயிரோடு இருந்து வாரக்கணக்கில் வைரசைப் பரப்பின. கொடிய வகைகள் நிலைத்துவிட்டதற்கு இது ஒரு காரணம் என்று நம்ப இடமிருக்கிறது. எல்லாத் தடுப்பூசியும் இப்படியல்ல. ஆனால் ஊசி இருக்கிறது என்பதற்காகச் சதுர அடிக்கு இன்னொரு கோழியைத் திணிக்கும் முதலாளியை எந்த மருந்தும் திருத்தாது. என் கருத்தில் இடவசதி, காற்றோட்டம், உலர்ந்த உமி, ஒரு தொகுதிக்கும் அடுத்ததுக்கும் இடையே இரண்டு வாரமாவது வெறுமையான கொட்டகை, இவைதான் முதலாவது. தடுப்பூசி இரண்டாவது. நோயுற்றபின் நுண்ணுயிர்க்கொல்லி மூன்றாவது. 2024இல் மேல் மாகாணப் பன்றிப் பண்ணைகளை ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அழித்தபோது இரண்டாவதும் மூன்றாவதும் கைகொடுக்கவில்லை. வாசலில் கால் கழுவும் தொட்டியும், வெளியிலிருந்து வரும் எச்சிற்சோற்றை நிறுத்துவதும்தான் எஞ்சியிருந்தன.

நம் நாட்டு நிலைமையில் இரண்டு விடயம் என்னைக் கோபப்படுத்துகிறது. ஒன்று குளிர்ச் சங்கிலி. மாரெக் மருந்து போன்றவை தவிர, தடுப்பு மருந்து பெரும்பாலும் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, சிறு கடைகளின் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மருந்துகள் என்ன ஆகியிருக்கும்? பெரிய கம்பனிகளிடம் ஜெனரேட்டர் இருந்தது. சிறு பண்ணைக்காரர் உயிர் போன மருந்துக்குக் காசு கொடுத்தார், குஞ்சுக்குக் கொடுத்தார், பிறகு நோய் வந்ததும் நுண்ணுயிர்க்கொல்லிக்கும் காசு கொடுத்தார். வெப்பத்தைத் தாங்கும் ராணிக்கெட் மருந்தொன்றை அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஊர்க்கோழிகளுக்காகவே உருவாக்கியிருக்கிறார்கள். அத்தகையவை நம் கிராமங்களில் சாதாரணமாகக் கிடைக்க வேண்டும்.

மற்றது மருந்து விற்கும் விதம். கம்பனியோடு ஒப்பந்தத்தில் வளர்ப்பவருக்குக் குஞ்சு, தீன், மருந்து, வைத்தியர் எல்லாம் கம்பனியிடமிருந்தே வரும். அங்கே குறிப்பேடு இருக்கும், கேள்வி கேட்கவும் ஆள் இருக்கும். தனியாக வளர்ப்பவருக்கு வைத்தியர், மருந்துக்கடை, ஆலோசகர் எல்லாமே தீன் கடைக்காரர்தான். செத்த கோழியைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுகிறார். அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு நாளில் சாவு குறையாவிட்டால் வேறொரு பொட்டலம். வைத்தியரின் துண்டு யாரும் கேட்பதில்லை, எந்தக் கிருமி என்று பரிசோதிப்பதும் இல்லை. கடனில் குஞ்சு வாங்கியவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு தொகுதி செத்தால் அவர் வீட்டு நகை அடகுக்குப் போகும். 2017 முதல் 2022 வரைக்கான தேசிய மூலோபாயத் திட்டம் ஒன்று மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்தவே வகுக்கப்பட்டது. திட்டத்தில் இருப்பது தீன் கடை மேசைக்கு வந்து சேர வேண்டும். துண்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதோடு, துண்டு எழுத ஒரு மிருக வைத்தியர் சைக்கிள் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் கொண்டுவந்தால் பொட்டலம் மேசைக்கு அடியில் விற்கும்.

அதே நேரத்தில், நுண்ணுயிர்க்கொல்லியை அடியோடு நிறுத்து என்பதும் எனக்கு உடன்பாடில்லை. மூச்சுத் திணறும் கோழியையும் மடி வீங்கித் துடிக்கும் பசுவையும் "மருந்தில்லா இறைச்சி" என்ற ஒட்டுச் சீட்டுக்காகச் சாகவிடுவது கொடுமை. நோய் தெரிந்து, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நாட்கள், பிறகு காத்திருப்புக் காலம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இனி உங்கள் அடுக்களை. ஊர்க்கோழி சுவையானது, எனக்கும் விருப்பம். ஆனால் பாதுகாப்பானது என்பதற்கு அந்தப் பெயர் உத்தரவாதம் தராது. கொழும்பில் அந்தப் பெயரில் விற்பது எல்லாம் வளவில் மேய்ந்தது என்று நம்ப முடியாது. வளவில் மேய்ந்ததுக்கும் நோய் வந்தால் அதே பொட்டலத்தைத்தான் கரைத்துக் கொடுக்கிறார்கள், காத்திருப்புக் காலம் என்ற கணக்கே இல்லாமல். வசதி இருந்தால் வாங்குங்கள். வசதி இல்லாவிட்டால் குற்ற உணர்வு வேண்டாம். புரொய்லர் வாங்கும்போது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய கடையில் வாங்குங்கள். பெரிய விற்பனையாளரிடம் காத்திருப்புக் காலம் பற்றி எழுதிக் கேளுங்கள். பலர் கேட்டால் பதில் வைத்திருப்பார்கள்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீர்தான் கிருமியைப் பாத்திரத்துக்கும் சலாதுக்கும் கொண்டுபோகிறது. இரத்தம் ஒட்டியிருந்தால் பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, தொட்டியைப் பிறகு சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். வெட்டும் பலகை இறைச்சிக்கு வேறு, மரக்கறிக்கு வேறு. எலும்போடு ஒட்டிய சதை வரை 74 பாகை ஏறி, சிவப்பு மறைந்து, வடியும் சாறு தெளிவாக வந்தால் அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் ஒன்றாகவே சாகும். நாம் வழமையாகக் குழம்பு வைக்கும் விதத்தில் இது தாராளமாக நடக்கிறது. அரைவேக்காட்டு வறுவலில்தான் கவனம் வேண்டும். தடிமன் பிடித்தவுடன் பாமசியில் துண்டில்லாமல் அமொக்சிசிலின் வாங்குவதையும், போன முறை மிஞ்சிய குளிசைகளைப் பிள்ளைக்குக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். உங்கள் மகளின் உடம்பைப் பொறுத்தவரை பண்ணையில் நடப்பதை விட இது அவளுக்கு நெருக்கமான ஆபத்து.

பெரியபிள்ளை ஆகும் வயதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். புரொய்லர் கோழி வருவதற்கு வெகு முன்பிருந்தே, போசாக்கு மேம்பட மேம்படப் பல நாடுகளில் அந்த வயது இறங்கி வந்திருக்கிறது. உடல் எடை கூடிய பிள்ளைகளில் இன்னும் முந்தும். அதனால் கோழியை நிறுத்துவதை விட, இனிப்புப் பானங்களையும் பொரித்த தீன்பண்டங்களையும் குறைத்து, பின்னேரம் பிள்ளையை ஓடி விளையாட விடுவது பயன் தரும். எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி தொடங்கினாலோ, பத்து வயதுக்கு முன் மாதவிடாய் வந்தாலோ, உணவில் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் குழந்தைநல வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.